பிடித்துக்கொண்ட பின்சக்கர டிரம்: சுத்தியலா, போல்ட்டா?

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிகளில் பின்சக்கர பிரேக் டிரம், ஹப்போடு (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) துருவேறிப் பிடித்துக்கொள்வது வாடிக்கை. உப்புக்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. கழற்ற இரண்டு வழி: சுத்தியலால் அடிப்பது, அல்லது டிரம்மில் உள்ள மரைத்துளைகளில் இரண்டு போல்ட்டை இறுக்கி டிரம்மை வெளியே தள்ளுவது. எப்படிக் கழற்றினாலும், முதலில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பிரேக் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

செலவு: சுத்தியல் கையிலேயே இருக்கும். போல்ட் இரண்டும் சொற்ப விலைதான்.

சேதம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். டிரம் வார்ப்பிரும்பு, விளிம்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அடிப்பதானால் ஸ்டட்களுக்கு (சக்கர நட்டு மாட்டும் மரைத்தண்டுகள்) இடையே, முகப்பில் மட்டும். டிரம்மில் மரையுள்ள துளைகள் இருந்தால் இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். துரு ‘டக்’கென்று விடும், டிரம் நேராக வெளியே வரும். ஒன்றையே இறுக்கினால் கோணிக்கொள்ளும்.

சுலபம்: சுத்தியல் வேகம். துளையில் துரு அடைத்திருந்தால் போல்ட்டுக்குப் பொறுமை வேண்டும்.

லேசான பிடிப்புக்குச் சுத்தியல் போதும். கடலோரமே ஓடும் வண்டிக்கு நான் போல்ட்டைத்தான் சொல்வேன். ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே கழலும் கனரக ஆக்ஸில் என்றால் இரண்டும் உதவாது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட்டை முதலில் உருவ வேண்டும். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.