எக்ஸ்ட்4 டைரக்டரிகள்: தேடுவதில் கெட்டி, திருப்பித் தருவதில் கஞ்சன்

லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ டெபியனோ நிறுவும்போது எதையும் மாற்றாமல் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனால் வட்டில் வந்து உட்காருவது எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம்தான், அதாவது ஃபைல்களை வட்டில் அடுக்கி வைக்கும் முறை. 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 கெர்னலோடு (லினக்ஸின் மைய நிரல்) நிலையான பதிப்பாக வந்தது. அதன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு), வேகம் பற்றியெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. லட்சக்கணக்கில் ஃபைல் குவிக்கிறவர்களைப் படுத்துவதும் காப்பாற்றுவதும் அதன் டைரக்டரி (ஃபோல்டர்) அமைப்பு. இந்த மதிப்புரை அதைப் பற்றி மட்டும்.

எக்ஸ்ட்4-இல் டைரக்டரியும் ஒரு ஃபைல்தான். உள்ளே இருப்பது வருகைப்பதிவேடு போன்ற ஒரு பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் ஐநோடு (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் அட்டை) எண்ணுக்கு 4 பைட், பதிவின் நீளத்துக்கு 2, பெயரின் நீளத்துக்கு 1, வகைக்கு 1, அதன் பிறகு பெயர். மொத்தம் 4-இன் மடங்காக முழுமையாக்கப்படும். ஃபைலின் அளவு, உரிமையாளர், தேதி எதுவும் இங்கே கிடையாது, அதெல்லாம் ஐநோட்டில். ஒரே ஃபைலுக்கு இரண்டு டைரக்டரிகளில் இரண்டு பெயர் வைக்க முடிவது இதனால்தான்.

‘மின்கட்டண ரசீது’ என்று ஒரு பிடிஎஃப் வைத்தால், தமிழுக்கு 42 பைட், இடைவெளிக்கு 1, பின்னொட்டுக்கு 4, பெயருக்கு முன்னால் வரும் தலைப்பகுதிக்கு 8. ஆக 55, முழுமையாக்கினால் 56. 4096 பைட் பிளாக் (வட்டைப் பிரித்துக்கொள்ளும் துண்டு) ஒன்றில் இப்படி 72 பெயர் அடங்கும்.

இங்கேதான் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு முதல் இடி. பெயருக்கான வரம்பு 255 பைட். எழுத்துக் கணக்கு இல்லை. எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட், ‘கோ’ 6, ‘ஸ்ரீ’ 12. நடைமுறையில் ஐம்பது சொச்சம் எழுத்திலேயே பெயர் முட்டிவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுவரை ஏற்கும். அங்கே நன்றாக இருந்த நீளப் பெயர், எக்ஸ்ட்4-க்கு நகலெடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுபோவது இதனால்தான். நகலெடுக்கும் முன்பே பெயரைச் சுருக்கிவிடுங்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். எக்ஸ்ட்4-க்கோ பைட் வேறானால் பெயரும் வேறு. விளைவு, கண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு ‘கோவில்’ ஒரே டைரக்டரியில். கெர்னல் 5.2 முதல் உள்ள கேஸ்ஃபோல்ட் (பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பாராத) வசதி இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். ஆனால் அதை ஃபைல் சிஸ்டத்தில் இயக்கி, காலி டைரக்டரிக்குத்தான் அதற்கான அடையாளத்தை (ஃபிளாக்) வைக்க முடியும்.

தேடலுக்கு வருவோம். பழைய ஃபாட்32 ஃபைல் சிஸ்டத்தில் பெயரை முதலிலிருந்து வரிசையாகத் தேட வேண்டும். போதாததற்கு ஒரு டைரக்டரியில் 65,536 பதிவுதான், ஒன்று 32 பைட். நம் ரசீதுக்கு மூன்று பதிவு செலவாகும் என்பதால் 21,800 சொச்சம் ஃபைலோடு கதவு சாத்திவிடும். எக்ஸ்ட்4 பெயரை ஹாஷ் செய்து (ஓர் எண்ணாக மாற்றி) எச்ட்ரீ என்ற மரத்தில் வைக்கிறது. ஒரு முனையிலிருந்து சுமார் 500 கிளை. லட்சம் ஃபைல் இருந்தாலும் மூன்று பிளாக் படித்தால் பெயர் கிடைத்துவிடும். இந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முழுப் பட்டியல் கேட்டால் கதை வேறு. பதிவுகள் ஹாஷ் வரிசையில் வருவதால், பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிய பிறகே திரையில் காட்டும். அடுக்க வேண்டாம் என்று பெரிய ‘யூ’ தெரிவைக் கொடுத்தால் உடனே ஓடும். நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் போனால் ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ வரும். அது ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்) நட்சத்திரத்தை எல்லாப் பெயர்களாகவும் விரிப்பதால் வருவது, எக்ஸ்ட்4-இன் குற்றமில்லை. ஃபைண்ட் கட்டளையின் டிலீட் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

பெரிய குறை, வாங்கிய இடத்தைத் திருப்பித் தராதது. ஃபைலை அழித்தால் முந்தைய பதிவின் நீளம் கூடி, அழிந்த பதிவை விழுங்கிக்கொள்ளும். டைரக்டரி சுருங்காது. பத்து லட்சம் ரசீது வைத்து அழித்த டைரக்டரி, காலியான பிறகும் குறைந்தது 56 எம்பி பருமனாகவே நிற்கும். எல்எஸ் அத்தனையையும் படிக்கும். புது டைரக்டரி உண்டாக்கி, மிச்சத்தை நகர்த்தி, பழையதை நீக்கிப் பெயர் மாற்றுவதே எளிய வழி. உரிமையும் அனுமதியும் சரிதானா என்று பார்க்க மறக்கவேண்டாம். அல்லது பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி) பழுதுபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கட்டளையைப் பெரிய ‘டி’ தெரிவோடு ஓட்டலாம். (ஒன்றுமில்லாத லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரி 16,384 பைட் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். பழுதுபார்க்கும் நேரத்தில் இடம் தேடி அலையக் கூடாதென்று முன்கூட்டியே ஒதுக்கியது அது.)

ஐநோடு எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். இயல்பாக வட்டில் 16,384 பைட்டுக்கு ஒன்று. 100 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 65 லட்சம். சின்னச் சின்ன ஃபைலாக நிரப்பினால் பாதி வட்டு காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று வரும். டிஎஃப் கட்டளையில் ‘ஐ’ தெரிவு போட்டால் காரணம் தெரியும். மின்னஞ்சல் சேமிப்பு போன்ற வேலைக்கு ஃபார்மேட்டிலேயே ‘ஸ்மால்’ வகை கேளுங்கள், 4,096 பைட்டுக்கு ஒன்று தரும். கணிக்க முடியாதென்றால் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம் மேல், அது ஐநோட்டைத் தேவைக்கேற்ப உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனை நடைமுறையில் சுருக்க முடியாது. எக்ஸ்ட்4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுச் சுருக்கலாம்.