"பாதை காய்ந்துவிட்டது சார்": கோத்தகிரியில் நான் கொடுத்த 14,800 ரூபாய்

கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வார இறுதியில் நீலகிரிக்கு மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகவே படியுங்கள். என் கையை விட்டுப் போன பணம் 14,800 ரூபாய். அது போனால் போகிறது. கண் முன்னால் ஈரம் நிற்கும்போது "காய்ந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னதை நம்பி இறங்கினேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கோத்தகிரிப் பக்கம் சைக்கிள்களை வாடகைக்குக் கொடுத்து, கூடவே வழிகாட்டி ஒருவரையும் அனுப்பும் தொழில் செய்கிறவர் அவர். பெயர் வேண்டாம், அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். ஆளுக்கு 3,500 ரூபாய் கட்டணம், சைக்கிளுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. நானும் என் மைத்துனனும் போவதாக ஏற்பாடு. மொத்தம் 17,000 ரூபாயை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டேன். முதல் தவறு அதுதான். பணம் போன பிறகு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமையும் கூடவே போய்விடுகிறது.

அந்த வாரம் செவ்வாய் இரவு மழை பிடித்தது. வியாழக்கிழமை, தண்டவாளத்தில் மண் சரிந்ததால் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் ரத்து என்று செய்தி வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்லாறுக்கு மேலே ரயில் பாதையில் மண் இறங்குகிறது என்றால், மலையின் கிழக்குச் சரிவு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நிற்கிறது என்று பொருள். நாங்கள் போகவிருந்ததும் அந்தப் பக்கம்தான். வெள்ளி மாலை தொலைபேசியில் கேட்டேன்.

"இங்கே நல்ல வெயில் சார். பாதை காய்ந்துவிட்டது. மழையெல்லாம் ஊட்டிப் பக்கம்தான்."

நீலகிரியை அறிந்தவர் யாரும் இந்தப் பதிலை அப்படியே விழுங்கமாட்டார். இந்த மலைக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் நடுவட்டத்தையும் அவலாஞ்சியையும் அடித்துத் துவைக்கும். அப்போது கோத்தகிரியில் ஒப்பீட்டளவில் மழை குறைவு. அக்டோபரில் காற்று திரும்பிவிடும். டிசம்பர் வரை வாங்கிக் கட்டிக்கொள்வது குன்னூரும் கோத்தகிரியும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மண்சரிவுகள் இந்த வடகிழக்குப் பருவமழையில்தான் நடந்தன. ஆக, "நீலகிரியில் மழையா?" என்பது அரைகுறைக் கேள்வி. எந்த மாதம், எந்தச் சரிவு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தபோது உண்மையிலேயே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தார்ச்சாலை காய்ந்திருந்தது. கடையின் சிமென்ட் முற்றமும் காய்ந்திருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை என்றே நினைத்தேன். தார் ஒரு மணி நேரத்தில் காயும். சில்வர் ஓக் நிழலில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, காற்றும் வெயிலும் புகாத களிமண் பாதை நான்கு நாளானாலும் காயாது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மலையேறி வந்துவிட்டோம், பணம் கட்டிவிட்டோம், மைத்துனன் ஹெல்மெட்டை வேறு மாட்டிக்கொண்டான். கடைக்காரர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வானிலையால் ரத்தானால் கட்டணம் திரும்பாது, சைக்கிளுக்கு வரும் சேதம் முழுவதும் வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு என்று இரண்டு வரி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். மழை பெய்தாலும் அவருக்கு நட்டமில்லை, மழையில் ஓட்டி உடைந்தாலும் அவருக்கு நட்டமில்லை. பாதை ஈரமா இல்லையா என்று கவலைப்பட அவருக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

முதல் ஒரு கிலோமீட்டர் எஸ்டேட் லாரிகள் போகும் ஜல்லிப் பாதை. தண்ணீர் தேங்கிய இடத்தில்கூட அடியில் கல் இருந்ததால் சிக்கல் இல்லை. பிறகு வழிகாட்டிப் பையன் இடப்பக்கம் திரும்பி, கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினான். நூறு அடி போவதற்குள் டயரின் பள்ளங்கள் எல்லாம் மண்ணால் நிரம்பிவிட்டன. இன்னும் நூறு அடியில் டயர், டயராகவே இல்லை. செம்மண் பூசிய உருளை. அதற்குப் பிறகு பிரேக் பிடிப்பதில் அர்த்தமில்லை. சக்கரம் நிற்கும், சைக்கிள் போய்க்கொண்டிருக்கும்.

எதிரே மேலேறி வந்த ஓர் அம்மா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி, இந்த வழியில்தான் நாங்கள் தினம் மூட்டையோடு ஏறி இறங்குகிறோம். நேற்றே ஒருத்தி வழுக்கி விழுந்தாள். நீங்கள் இப்படிக் கோடு கிழித்துவிட்டுப் போனால் நாளைக்கு நாங்கள் எங்கே கால் வைப்பது?" என்றார். திரும்பிப் பார்த்தேன். எங்கள் மூன்று சைக்கிளும் வந்த வழியில் விரல் ஆழத்துக்குப் பள்ளம், அதில் அப்போதே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இன்னும் அரை கிலோமீட்டர் போய், ஒரு கற்பூர மரத்தின் வேர் மீது முன்சக்கரம் வழுக்கி மைத்துனன் விழுந்தான். மணிக்கட்டு வீங்கியது, எலும்பு முறியவில்லை, அதுவரை தப்பித்தோம். சங்கிலியில் அப்பிய மண்ணும் புல்லும் என் சைக்கிளின் பின் கியரை ஆரக்கம்பிகளுக்குள் இழுத்து முறுக்கிவிட்டன. மிச்ச தூரம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தோம். காலில் அட்டைகள்.

நடந்து வரும்போது அந்தப் பையன் மெல்லச் சொன்னான்: "எங்களுக்குத் தெரியும் அண்ணா. இன்றைக்கு ரத்து செய்தால் எனக்குக் கூலி கிடையாது." அவன் மீது எனக்குக் கோபமில்லை.

கடையில் கணக்குத் தயாராக இருந்தது. பின் கியரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் 4,200. இரண்டு சைக்கிளுக்கும் பிரேக் பேட் 2,400. கழுவும் கூலி தலா 600. மொத்தம் 7,800 போக வைப்புத்தொகையில் 2,200 ரூபாய் திரும்பக் கிடைத்தது. ஹேங்கர் என்பது வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்படும் அலுமினியத் துண்டு. சட்டகம் உடைவதற்குப் பதில் தான் வளைந்து கொடுப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். கியர் உண்மையில் உடைந்ததா, ஹேங்கர் மட்டும் வளைந்ததா என்று காட்டச் சொன்னேன். "மெக்கானிக்கிடம் போய்விட்டது" என்றார், ஐந்து நிமிடத்துக்கு முன் நான் கொடுத்த சைக்கிளை. பிரேக் பேட் காலையில் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஈரச் சேறு உப்புத்தாள் போல அரைக்கும், ரெசின் வகைப் பேட் அதில் மிக வேகமாகக் கரையும் என்பது உண்மைதான். அப்படியானால் அந்தச் சேற்றில் எங்களை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு அவர் கைப்பேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினார். வேல்ஸ் நாட்டில் கொட்டும் மழையில் சைக்கிள் ஓட்டுகிறார்களாம். "இதுதான் சார் சாகசம்."

வேல்ஸில் ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. அங்கே கோயிட் அ பிரெனின் போன்ற இடங்களில் பாதைக்கென்றே கல் பரப்பி, தண்ணீர் வடிய வழி செய்து, எந்தப் பருவத்துக்கும் தாங்குமாறு கட்டியிருக்கிறார்கள். அதே சைக்கிள்காரர்கள் அமெரிக்காவின் கொலராடோவில் போல்டர் நகரத்துக்குப் போனால், களிமண் பாதைகள் சேறாகும்போது நகர நிர்வாகமே அவற்றை மூடிவைத்திருக்கும். இரண்டுமே மழைதான், மண் வேறு. இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக் கரிசலில் மழைக்கு மறுநாள் சைக்கிளை இறக்கிப் பாருங்கள்; பத்தடியில் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். தேரிக்காட்டு மணலில் அதே மழை பாதையை இறுக்கித்தான் கொடுக்கும்.

அதற்குப் பிறகு நான் யாரையும் தொலைபேசியில் கேட்பதில்லை. பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி நடக்கிறேன். வெயில் படும் இடத்தில் நடந்து பயனில்லை. மரநிழலில், தண்ணீர் வந்து சேரும் வளைவில் ஐம்பது அடி. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவேன். உதிர்ந்தால் போகலாம். கொழுக்கட்டை மாவு போல உருண்டு, விரல் ரேகை பதிந்து நின்றால் அன்றைக்கு அந்தப் பாதை இல்லை. செருப்புத் தடம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். அதிலும் சந்தேகம் இருந்தால் இருபதடி ஓட்டிவிட்டு டயரைத் திரும்பிப் பார்ப்பேன். மண் ஒட்டிக்கொண்டே வந்தால், அல்லது தடத்தில் பள்ளம் விழுந்தால், அதோடு சரி. காய்ந்த பாதையில் எங்கோ ஒரு குட்டை மட்டும் நின்றால் அதன் நடுவிலேயே போக வேண்டும். ஓரமாகச் சுற்றிப் போனால் பாதை அகலமாகிக்கொண்டே போகும், செடி சாகும். குட்டைக்குப் பின் குட்டையாக இருந்தால் நடுவுமில்லை ஓரமுமில்லை, வீட்டுக்குத்தான்.

ஊட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. மார்கழி, தை மாதங்களில் மழையே இல்லாதபோதும் ஏமாற வாய்ப்புண்டு. விடியற்காலையில் உறைபனியில் பாதை கல் மாதிரி இருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மேல்மண் மட்டும் இளகி வெண்ணெயாகிவிடும், அடியில் இறுக்கம் அப்படியே. மழைச் சேற்றைவிட இது மோசமாக வழுக்கும்.

வாடகைக்கு எடுப்பதானால் பிரேக் பேட், டயர், பின் கியர் மூன்றையும் கிளம்பும் முன்பே படம் பிடித்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். பாதை ஈரமாக இருந்தால் கட்டணம் திரும்புமா, வேறு தேதி கிடைக்குமா, அதை முடிவு செய்வது யார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். பாதை காப்புக்காடு வழியாகப் போகிறதா, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு இந்த விஷயத்தில் விளையாட முடியாது. பிடிபட்டால் வழக்கு ஓட்டியவர் மீதும்தான்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தொலைபேசி உரையாடலின் பதிவு என்னிடம் இல்லை. ஆனால் வெள்ளி மாலை அவர் எழுத்திலும் "பாதை தயார்" என்று அனுப்பியிருந்தார், அது உதவியது. மூன்று வாரம் கழித்து 4,000 ரூபாய் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லாமல். மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

பிப்ரவரியில் சைக்கிள் இல்லாமல் அந்தப் பாதைக்கு ஒருமுறை போனேன். எங்கள் பள்ளங்கள் அப்படியே காய்ந்து இறுகி இருந்தன. மேலிருந்து வந்த மழைநீர் அவற்றையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு, சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்திருந்தது. கொழுந்து பறிப்பவர்கள் அதைக் கைவிட்டுவிட்டு, பக்கத்துத் தேயிலை வரிசைக்குள் புதிதாக ஒரு வழி போட்டிருந்தார்கள். அது பழைய வழியைவிடச் செங்குத்தாக இருந்தது.