என் ஃபிளிப்-அப் ஹெல்மெட்டும் அதன் தீராத இரைச்சலும்

லாக் பழுதாகி சர்வீஸுக்குப் போயிருந்த என் ஃபிளிப்-அப் ஹெல்மெட் (தாடைப் பகுதியோடு முன்பக்கத்தை மேலே தூக்கக்கூடியது) போன வாரம்தான் கைக்கு வந்தது. இதற்கிடையில் அதே மாடலின் விலையும் நன்றாகக் குறைந்துவிட்டது. முதன்முதலாக நீண்ட பைக் பயணத்துக்குத் தயாராகும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வருஷக்கணக்கா நீங்க இதைத்தானே போடுறீங்க, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எடை எவ்வளவு, ஓடு எதனால் ஆனது என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பெட்டியில் இல்லாததைத்தான் எழுதப்போகிறேன், முக்கியமாக அந்தச் சத்தத்தைப் பற்றி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய இருக்கிறது. நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவன். முழு முக ஹெல்மெட்டில் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, பிறகு கண்ணாடிக் காம்புகளைக் காதோரமாக நுழைத்து நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே வேலை. இதில் தாடைப் பகுதியை, அதாவது சின் பாரைத் தூக்கினால் போதும், கண்ணாடி அதன் இடத்திலேயே இருக்கும். தண்ணீர் குடிக்க, பெட்ரோல் போட, வழி கேட்க எதற்கும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. முகம் தெரிகிறபடி பேசினால் வழி சொல்கிறவர்களும் நின்று நிதானமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு நன்மை பலருக்குத் தோன்றாது. விபத்தில் விழுந்தவருக்குக் கழுத்தில் அடி பட்டிருக்கலாம் என்பதால், பயிற்சி இல்லாதவர்கள் அவருடைய ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. ஃபிளிப்-அப் என்றால் தலையை அசைக்காமல் சின் பாரை மட்டும் தூக்கி, மூச்சு வருகிறதா என்று பார்க்கலாம், வாயில் அடைத்திருப்பதை எடுக்கலாம். அதனால் கூட்டமாகப் பயணம் போகும்போது, தாடைக்குக் கீழே இருக்கும், சின் பாரைத் திறக்கும் சிவப்பு பட்டனைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் காட்டிவிடுவேன்.

அப்புறம் மழை. இந்த ஹெல்மெட்டில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய சந்தோஷம், ஆவி படியாமல் தடுக்கும் பின்லாக் தகடுதான். வைசரின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு முள். அவற்றுக்கு நடுவே இன்னொரு மெல்லிய தகட்டை வளைத்துப் பொருத்துகிறோம். தகட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் சிலிக்கான் வரம்பு வைசரோடு ஒட்டி உட்கார்ந்ததும் நடுவில் கொஞ்சம் காற்று அடைபடுகிறது. வெளியே குளிர்ந்த வைசர், உள்ளே சூடான மூச்சு, இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. அதனால் ஆவி படிவதில்லை. விடியற்காலை மலையேற்றத்தில், கொட்டும் மழையில், மேகம் சாலையில் இறங்கி நிற்கும் நேரத்தில் வைசரை முழுக்க மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். எதிரே வருகிற விளக்கு விளக்காகவே தெரியும், பூத்துப்போய்த் தெரியாது. விளிம்பில் ஒரு மெல்லிய கோடு கண்ணில் படும், சில நாளில் அதுவும் பழகிவிடும். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் முள்ளைச் சற்றே திருப்பி இறுக்கினால் போதும். துணியால் மட்டும் அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள், கீறல் விழுந்துவிடும்.

உள்ளே இறங்கும் கறுப்புக் கண்ணாடி பரவாயில்லை. சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது ஒரு விரலால் தூக்கிவிடலாம். உள் துணி துவைத்துத் துவைத்து இளைத்துவிட்டது, அது எந்த ஹெல்மெட்டிலும் நடப்பதுதான். எடை மாலையில் கழுத்தில் தெரியும். ஒரு ஃபிளிப்-அப்பில் கீல், கொக்கி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் அதே தரத்து முழு முக ஹெல்மெட்டைவிடச் சில நூறு கிராம் கூடத்தான் செய்யும்.

சரி, இரைச்சலுக்கு வருகிறேன்.

அறுபதில் போகும்வரை ஒன்றும் தெரியாது. எண்பதைத் தாண்டும்போது காதுக்குக் கீழே ஓர் உறுமல் ஆரம்பிக்கும். நூறில் அந்த உறுமலுக்கு மேல் ஒரு விசில் சேர்ந்துகொள்ளும், சரியாகச் சாத்தாத ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. தலையை நேராக வைத்திருந்தால் விசில் தாழ்ந்திருக்கும். தடம் மாறுவதற்காக இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் சட்டென்று உச்சத்துக்குப் போகும். எப்போது திரும்பிப் பார்க்க வேண்டுமோ, அப்போதுதான் அது காதைக் குடைகிறது. நாள் முழுக்க ஓட்டினால், திரும்பிப் பார்க்கும் நேரம் தானாகவே குறைந்துகொண்டு வருவதைக் கவனித்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். அந்த ஒரு பார்வைதான் பக்கத்தில் மறைந்து வரும் வண்டியைக் காட்டிக்கொடுப்பது.

விசில் எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். சின் பாரும் ஓடும் சேருகிற இடத்தில், இடது கீலுக்குக் கீழே ஒரு படி இருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். அந்த இடத்தில் டேப் ஒட்டி ஓட்டியதும் விசில் பாதியாகக் குறைந்தது. உறுமல் அப்படியே இருந்தது. அதற்குக் காரணம் வேறு. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெல்மெட் இரைச்சலை ஆராய்ந்தபோது, தாடைக்குக் கீழே சுழலும் காற்றுதான் அதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று கண்டார்கள். ஓட்டையை அடைப்பதால் மட்டும் அது தீராது.

இதைச் சௌகரியக் குறைவு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90-ஐத் தாண்டி 100-ஐத் தொடுவது சாதாரணம். ஆக, காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்துவதற்குள்ளேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. உட்காதில் இருக்கிற நுண்மயிர் செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. ராத்திரி படுக்கும்போது காதுக்குள் 'ங்ங்' என்று கேட்கிறதே, அதைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது.

குற்றம் ஹெல்மெட்டுடையதா, பைக்கின் கண்ணாடித் தடுப்புடையதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காலியான நேர்ச் சாலையில், சீரான வேகத்தில், கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் கொஞ்சம் எழுந்து நின்று தலையைத் தடுப்புக்கு மேல் கொண்டுபோக வேண்டும். உறுமல் குறைந்தால், தடுப்பின் மேல் விளிம்பில் உடைந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதுகிறது என்று அர்த்தம். என் பைக்கில் அப்படித்தான் இருந்தது. தடுப்பைத் தாழ்த்தியதும் உறுமல் குறைந்தது, ஆனால் நெஞ்சில் காற்று அடித்தது. தாடைக்குக் கீழே மாட்டும் துணித் திரையும் கழுத்துத் துணியும் கொஞ்சம் உதவின. விசிலை எதுவும் முழுக்க நிறுத்தவில்லை.

நிறுத்தியது இயர்பிளக். சாதாரண நுரை உருண்டைதான். அதை விரல் நடுவே நன்றாக உருட்டி மெல்லிதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். பாதிப்பேர் உருட்டாமல் காது வாசலில் செருகிவிட்டு "இதுல ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்கிறார்கள். நுரை உயர்ந்த ஒலியைத்தான் அதிகமாக மறைக்கும், அதனால் முதலில் போவது விசில்தான். அடிநாதமாக உறுமல் மிஞ்சும், அதுவும் தாங்கக்கூடிய அளவில்.

காதை அடைத்தால் ஹாரன் கேட்காதே என்று கேட்பார்கள். காற்றின் சத்தம், ஹாரன் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன, அதனால் ஹாரன் காற்றுக்குள் மூழ்கிப்போவதில்லை. இதே பயம் ஒரு காலத்தில் ஹெல்மெட்டைப் பற்றியும் இருந்தது. ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. ஹெல்மெட்டால் முக்கியமான போக்குவரத்துச் சத்தம் கேட்காமல் போனது என்றோ, பார்வை குறுகியது என்றோ ஒரு விபத்துக்கும் காரணம் காட்ட முடியவில்லை. எனக்கு இயர்பிளக்கோடு எதிர்வண்டி எஞ்சின் சத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

அப்படியானால் ஹெல்மெட்டை ஏன் திட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். விலை உயர்ந்த முழு முக ஹெல்மெட்டுகளும் நெடுஞ்சாலையில் 85 டெசிபலைத் தாண்டத்தான் செய்கின்றன. இயர்பிளக் எதற்கும் தேவை. இதைப் புரிந்துகொண்டுதான் இத்தனை வருடம் இதையே போட்டிருக்கிறேன். ஆனால் இதன் விளம்பரத்தில் 'அமைதி' என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. சர்வீஸில் விசிலைப் பற்றிச் சொன்னபோது, எல்லா ஃபிளிப்-அப்பும் இப்படித்தான் என்று முடித்துக்கொண்டார்கள். எல்லாம் இப்படித்தான் என்றால் அந்தச் சொல்லை ஏன் அச்சிட்டார்கள்? ஹெல்மெட்டுக்குள் பேசவும் கேட்கவும் இன்டர்காம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுகிறார்கள், காதுக்கு இரண்டு அடியும் சேர்ந்து விழுகிறது.

லாக் விஷயத்தையும் சொல்ல வேண்டும், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. சின் பாரின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் உலோகக் கொக்கி. மூடும்போது இரண்டும் ஒன்றாக 'டக்' என்று விழ வேண்டும். புழுதியில் ஓட்டிய பிறகு வலது கொக்கி தாமதமாக விழ ஆரம்பித்தது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், மூடிவிட்டது என்று தோன்றும், ஆனால் வலது பக்கம் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்கும். மூடியதும் சின் பாரை மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஃபிளிப்-அப் போடுகிற எல்லோரும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அந்தப் பொறியை முழுதாக மாற்றித் தந்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. அந்த மட்டும் அவர்களுக்கு நன்றி.

ராலிகளில், பைக்கர்கள் கூடும் இடங்களில், சின் பாரைத் தூக்கிவிட்டபடியே வரிசையாக ஓட்டிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். உங்கள் ஹெல்மெட் அதற்கு அனுமதி பெற்றதா என்று வார்ப்பட்டியில் தைத்திருக்கும் துண்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் நீண்ட எண்ணும் இருக்கும். பி/ஜே (P/J) என்றிருந்தால் மூடியும் திறந்தும் சோதித்தது. பி (P) மட்டும் என்றால் மூடி ஓட்டத்தான். என்னுடையது பி மட்டும். வண்டி நகரும்போது அது மூடியே இருக்கும்.

இனி விலைக்கு வருவோம். இந்த மாடல், ஹெல்மெட் பாதுகாப்புக்கான ஐ.நா. (ஈசிஇ) விதியின் பழைய பதிப்பான 22.05-இன்படி சான்று பெற்றது. அந்த விதியில் ஹெல்மெட்டின் ஓடு மீது வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மோதிப் பார்ப்பார்கள். 2021-இல் நடைமுறைக்கு வந்த 22.06 விதியில் 6 மீட்டரிலும் 8.2 மீட்டரிலும் கூடுதலாக மோதுகிறார்கள், அதிக இடங்களில் மோதுகிறார்கள், சாய்ந்த பலகையில் மோதவிட்டுத் தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். நிஜ விபத்தில் தலை நேராக மட்டும் மோதுவதில்லை, அதனால் கடைசிச் சோதனை முக்கியமானது. தள்ளுபடியில் கிடைப்பது பழைய விதிக்குச் செய்த சரக்காக இருக்கலாம். அந்தத் துண்டிலுள்ள நீண்ட எண் 05-இல் தொடங்குகிறதா 06-இல் தொடங்குகிறதா என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்பது முரணாகத் தெரியலாம். நிற்கும்போது இதைவிட நல்ல ஹெல்மெட் நான் போட்டதில்லை, மழையிலும் அப்படித்தான். ஆனால் முதல் நீண்ட பயணத்திலேயே, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதைத் தவிர்க்கப் பழக்கும் ஒரு பொருளை உங்கள் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளை 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறது. வியர்வையும் எண்ணெயும் பசையும் சேர்ந்து உள்ளிருக்கும் தெர்மோகோலைக் கெடுத்துவிடும் என்பதால்தான். எனக்கும் அந்த நேரம் நெருங்கிவிட்டது. அடுத்தது 06-இல் தொடங்கும் முழு முக ஹெல்மெட், பின்லாக் முள் உள்ளதாக, கன்னத்துப் பஞ்சு என் கண்ணாடிக் காம்புக்கு இடம் விடுவதாக இருக்க வேண்டும். நீங்களும் அதையே தேடுங்கள், இயர்பிளக்கையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.