சிஐபில்டுவீல்: எல்லா மேடைக்கும் வீல் கட்டும் கருவி, ஒரு பராமரிப்பாளரின் மதிப்புரை

படச் செயலாக்கத்துக்கான ஒரு திறமூல டூல்கிட்டைப் பராமரிக்கிறேன். உள்ளே எல்லாம் சி++, வெளியே பைத்தான். பயனர்களில் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள். அவர்களிடம் கம்பைலர் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிப் இன்ஸ்டால் என்று அடித்தால் வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. அந்த ஒரு வரி வேலை செய்ய வேண்டுமானால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்று மேடைகளுக்கும், அவற்றில் இன்டெல், ஆர்ம் வகைகளுக்கும், பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி வீல் கோப்பு (முன்பே கம்பைல் செய்து வைத்த பைத்தான் பேக்கேஜ்) கட்டியாக வேண்டும். கையால் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ரிலீஸ் நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும். இப்போது அந்தப் பொறுப்பு முழுக்க சிஐபில்டுவீலிடம் இருக்கிறது.

பைத்தான் பேக்கேஜிங் அத்தாரிட்டியின் குடையின் கீழ் வளரும் கருவி இது. பிஎஸ்டி உரிமம், காசு கிடையாது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப், சர்க்கிள்சிஐ போன்ற சிஐ சேவைகளில் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சேவைகள்) எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்யும்: வீலைக் கட்டும், வெளி லைப்ரரிகளை உள்ளே சேர்த்துச் செப்பனிடும், புதிய வெற்றுச் சூழலில் நிறுவும், டெஸ்டை ஓட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசி இரண்டும். டெஸ்ட் நம் மூலக்கோப்புகள் இருக்கும் அடைவில் ஓடுவதில்லை, வேறொரு இடத்தில் ஓடுகிறது. அதனால் பக்கத்தில் கிடக்கும் மூலத்தை இம்போர்ட் செய்துவிட்டு எல்லாம் சரி என்று பைத்தான் நம்மை ஏமாற்ற வழியில்லை. பயனர் கைக்குப் போகப்போகும் அதே கோப்புதான் சோதிக்கப்படுகிறது. ஒரு தரவுக்கோப்பை வீலில் சேர்க்க விட்டுப்போனால், அது பயனரின் புகாராக வருவதற்கு முன்பே இங்கே சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

லினக்ஸ் பக்கம் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸ் நிரல்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பி இருக்கின்றன. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. அதனால் வேண்டுமென்றே பழைய லினக்ஸில் கட்டுவதுதான் வழி. மேனிலினக்ஸ் என்ற ஏற்பாடு 2016இல் வந்தது இதற்காகத்தான். மேனிலினக்ஸ்2014 கன்டெய்னர் (கணினிக்குள் தனியே ஓடும் மூடிய லினக்ஸ் சூழல்) சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் மீது அமைந்தது, அதில் ஜிலிப்சி 2.17. சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த படியான மேனிலினக்ஸ்_2_28 ஆல்மாலினக்ஸ் 8 மீது நிற்கிறது. எதில் கட்டுவது என்று ஒரே ஒரு வரியில் சொல்லிவிடலாம். கன்டெய்னரை இறக்குவதும், அதற்குள் சரியான பைத்தானைத் தேடி எடுப்பதும் கருவியின் பாடு.

கட்டி முடித்ததும் செப்பனிடும் கருவியான ஆடிட்வீல் வேலைக்கு வரும். எங்கள் டூல்கிட் ஜேபெக், பிஎன்ஜி லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறது. ஆடிட்வீல் அவற்றைக் கண்டுபிடித்து வீலுக்குள் தனி அடைவில் நகலெடுக்கும், பிறகு ஒவ்வொன்றின் கோப்புப் பெயரோடும் ஹேஷ் எழுத்துகள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டவை) சிலவற்றை ஒட்டிவிடும். முதன்முறை வீலைப் பிரித்துப் பார்த்தபோது இந்த நீண்ட பெயர்கள் எதற்கு என்று விளங்கவில்லை. காரணம் இதுதான்: ஒரே பைத்தான் நிரலுக்குள் எங்கள் டூல்கிட்டும் வேறொரு படப் பேக்கேஜும் சேர்ந்து ஏறலாம், இரண்டும் வேறு வேறு பதிப்பு ஜேபெக்கைச் சுமந்து வரலாம். பெயர் ஒன்றாக இருந்தால் முதலில் ஏறியதையே இரண்டும் பயன்படுத்தத் தொடங்கும், நிரல் எங்கோ ஓரிடத்தில் விழும், ஏன் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரை மாற்றிவிட்டால் அந்த மோதலே இல்லை. இவ்வளவு நுணுக்கமான ஒரு விஷயத்தை யாரோ முன்கூட்டி யோசித்து, எல்லோருக்கும் இலவசமாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான நன்றி உண்டு.

மேக்கில் இதே வேலையை டெலோகேட் செய்கிறது. ஆனால் இங்கே நம் பங்கு கூடுகிறது. ஹோம்ப்ரூ என்ற மேக் நிறுவியில் இறக்கிய லைப்ரரிகள் அந்த பில்ட் இயந்திரத்தின் மேக்ஓஎஸ் பதிப்புக்கென்றே கட்டப்பட்டவை. நம் வீல் அதைவிடப் பழைய மேக்கிலும் ஓடும் என்று அறிவித்திருந்தால், லைப்ரரி அந்த வாக்குக்கு ஒத்துவரவில்லை என்று டெலோகேட் பில்டை நிறுத்திவிடும். நிறுத்துவதுதான் நியாயம். தீர்வு, ஜேபெக், பிஎன்ஜி எல்லாவற்றையும் குறைந்தபட்ச மேக்ஓஎஸ் பதிப்பைக் குறிப்பிட்டு நாமே மூலத்திலிருந்து கட்டிக்கொள்வது. அதற்கான ஸ்கிரிப்டை பிஃபோர்-ஆல் அமைப்பில் கொடுத்தால் போதும், ஒவ்வொரு பைத்தானுக்கும் திரும்பத் திரும்ப ஓடாமல் தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும்.

எனக்குக் குறையாகப் படுவது விண்டோஸ். நான் கையாண்ட பதிப்புகளில், லினக்ஸுக்கும் மேக்குக்கும் செப்பனிடும் படி தானாக நடக்கிறது, விண்டோஸுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. டெல்வ்வீல் என்ற கருவியை ரிப்பேர்-வீல்-கமாண்ட் அமைப்பில் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பைத்தான் 3.8 முதல், எக்ஸ்டென்ஷனுக்கு (வீலில் உள்ள சி++ பகுதி) வேண்டிய டிஎல்எல்களை, அதாவது விண்டோஸ் லைப்ரரிக் கோப்புகளை, பாத் மாறியில் உள்ள அடைவுகளில் தேடும் பழக்கம் நின்றுவிட்டது. ஆகவே டிஎல்எல்லைச் சேர்க்காத வீல் பயனரின் கணினியில் இம்போர்ட் வரியிலேயே விழுந்துவிடும், அந்தப் பிழைச்செய்தியில் எந்த டிஎல்எல் என்ற பெயர்கூட இருக்காது. பில்ட் இயந்திரத்திலோ அந்த டிஎல்எல் வேறு எங்காவது இருந்து டெஸ்டைத் தேறவைத்துவிடக்கூடும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆவணத்தில் விவரம் இருக்கிறது, ஆனாலும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

இன்னொரு பொறுமைச் சோதனை நேரம். இன்டெல் இயந்திரத்தில் கியூஎம்யு (வேறு வகைச் சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாக ஆர்ம் லினக்ஸுக்குக் கட்டினால் சி++ கம்பைலேஷன் ஆமை நடை. 2025 ஜனவரியில் கிட்ஹப் பொதுக் களஞ்சியங்களுக்கு ஆர்ம் லினக்ஸ் இயந்திரங்களை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு அந்தத் துன்பம் போனது. வாய்ப்புள்ளவர்கள் ஸ்டேபிள் ஏபிஐ (பதிப்புக்குப் பதிப்பு மாறாத பைத்தான் இடைமுகம்) பக்கமும் போகலாம். மேடைக்கு ஒரு வீல் கட்டினாலே அடுத்தடுத்த பைத்தான் பதிப்புகளுக்கும் அதுவே பொருந்தும். சி++ஐப் பைத்தானோடு இணைக்கும் நானோபைண்ட் பயன்படுத்தினால் பைத்தான் 3.12 முதல் இது சாத்தியம், அதே வேலைக்கான பைபைண்ட்11இல் முடியாது. எங்கள் டூல்கிட்டை அதற்காகவே மெல்ல மெல்ல நானோபைண்டுக்கு நகர்த்திவருகிறோம்.

சுத்தமான பைத்தான் பேக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை. கூடா (என்விடியா ஜிபியுவுக்கான மென்பொருள்) போன்ற கனமான சார்புகளோடு வருபவர்கள் கோண்டா-ஃபோர்ஜ் என்ற மாற்றுப் பேக்கேஜ் களஞ்சியத்தையும் பார்ப்பது நல்லது. பிப் பேக்கேஜ்களை இறக்கும் களஞ்சியமான பைபிஐயில் ஒரு கோப்புக்கான வழக்கமான வரம்பு 100 எம்பி, எல்லாவற்றையும் உள்ளே திணித்தால் சீக்கிரமே முட்டும்.

பதிவேற்றும் வேலையை சிஐபில்டுவீல் செய்யாது. அதற்கு பைபிஐ 2023 ஏப்ரலில் கொண்டுவந்த டிரஸ்டட் பப்ளிஷிங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தர டோக்கனை (பதிவேற்ற அனுமதிக்கும் ரகசியச் சாவி) எங்கும் பத்திரப்படுத்தத் தேவையில்லை, ரிலீஸின்போது 15 நிமிடம் மட்டும் செல்லும் டோக்கன் தானாகக் கிடைக்கும்.

தொடங்குபவர்கள் முதலில் டாக்கர் (கன்டெய்னரை ஓட்டும் மென்பொருள்) உள்ள ஒரு லினக்ஸ் கணினியில், ஒரே ஒரு பைத்தான் பதிப்பை மட்டும் குறிப்பிட்டு ஓட்டுங்கள். சிஐயில் நடப்பது அப்படியே உங்கள் திரையில் நடக்கும், பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் கமிட் போட்டுக் காத்திருக்க வேண்டாம். மேக்கையும் விண்டோஸையும் அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம், டெஸ்ட்-கமாண்டை மட்டும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.