65 வாட் சார்ஜருடன் நான்கு ஆண்டுகள்

2021 தீபாவளிக்கு முந்தைய வாரம் 140 வெள்ளிக்கு வாங்கிய 65 வாட் சார்ஜர் இன்னும் மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த் வீட்டு மேசையில்தான் இருக்கிறது. இரண்டு டைப்-சி துளை, ஒரு பழைய யூஎஸ்பி துளை. மத்தியான வெக்கையில் நன்றாகவே சுடும், ஒருநாளும் பழுதானதில்லை. லேப்டாப்புடன் கைப்பேசியையும் செருகினால் ஒரு கணம் இரண்டுக்கும் மின்சாரம் நின்று, 45, 20 எனப் பிரிந்து திரும்ப வரும்.

வீட்டில் வயர் குப்பை ஒழியட்டும் என்றுதான் வாங்கினேன். அம்மாவுக்கு மைக்ரோ யூஎஸ்பி, மனைவியின் ஐபோனுக்கு 2012இல் அறிமுகமான லைட்னிங், எனக்கு டைப்-சி. "இனி எல்லாம் சி தாங்க" என்றார் கடைக்காரர். துளை விஷயத்தில் அவர் சொன்னதே நடந்தது. 2023இல் ஐபோன் 15 மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுக் கைப்பேசிகளுக்கு டைப்-சி கட்டாயம். அங்கே போட்ட சட்டத்தால் இங்கே என் மனைவியின் கைப்பையில் ஒரு வயர் குறைந்தது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

தம்பிக்குத்தான் தீரவில்லை. அவனுடைய 80 வாட் கைப்பேசி அதன் சொந்த சார்ஜரில் முக்கால் மணி நேரத்தில் நிறைகிறது. என்னுடையதில் இரண்டு மணி நேரம். "இது எனக்கு ஆகாதுண்ணே" என்று கழற்றிவிட்டான். என் சார்ஜர் பவர் டெலிவரி என்ற பொது விதிப்படி கைப்பேசியிடம் கேட்டுக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என ஏற்றிக் கொடுக்கும். அவன் கைப்பேசியின் நிறுவனமோ வோல்ட்டை அதிகம் உயர்த்தாமல் ஆம்பியரைக் கூட்டும் தனி முறை வைத்திருக்கிறது. அந்த வேகம் வேண்டுமென்றால் அவர்கள் சார்ஜரும் அவர்கள் கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

கேபிள்தான் என்னை ரொம்பவே வருத்தியது. தங்கை மகள் கல்யாண வீடியோ 120 ஜிபி. இரவுச் சந்தையில் 12 வெள்ளிக்கு வாங்கிய டைப்-சி கேபிளில் அதை டிஸ்கிலிருந்து இறக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. டிஸ்க்குடன் வந்த கேபிளில் ஐந்தே நிமிடம். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். மலிவானதற்குள் இருந்தது பழைய யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான் உச்சம். மின்சாரத்திலும் இதே கதை: 3 ஆம்பியருக்கு மேல் போக கேபிளுக்குள் ஒரு சிப் வேண்டும். அது இல்லாததால் என் 65 வாட் சார்ஜர் அந்தக் கேபிளில் 60ஐத் தாண்டவே இல்லை.

இப்போது ஒவ்வொரு கேபிளிலும் வெள்ளை டேப் ஒட்டி வாட்டையும் வேகத்தையும் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் புது சார்ஜர் வாங்கியபோது முதலில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை, பிறகு பெட்டியில் 'பிடி' (அதே பவர் டெலிவரி), 'பிபிஎஸ்' (வோல்ட்டைச் சிறு சிறு படியாக மாற்றும் அதன் வசதி) என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். தம்பியின் சார்ஜருக்குப் பக்கத்துப் பிளக்கை விட்டுக்கொடுத்தாயிற்று.