தகயாமாவில் ருசி பார்த்தது ஒன்று, பெட்டிக்குள் வந்தது வேறு

ஜப்பானில் சாக்கே என்ற அரிசி மது வாங்கப் போகிறவர்கள், அதிலும் தகயாமா பக்கம் போகிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் நகோயாவிலிருந்து ரயில் பிடித்துப் போயிருந்தேன். சன்மாச்சி பழைய தெருவில் நிஜமாகவே சாக்கே தயாரிக்கும் பழைய வீடுகள் இருக்கின்றன. வாசலில் சுகி மரத்தின் இலைக்கொத்துகளைப் பெரிய பந்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புது சாக்கே இறங்கும்போது பச்சையாக மாட்டுவது, மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும். நான் ஏமாந்தது அந்தப் பந்தைப் பார்த்துத்தான். நுழைந்த இடம் வெறும் கடை. பந்தை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம் என்பது அப்போது உறைக்கவில்லை.

ருசி பார்க்க 500 யென். சில்லென்று, பழ வாசனையோடு, அருமையாகத்தான் இருந்தது. "இந்த ஊர் சாக்கே, ஜுன்மாய் தாய்கிஞ்சோ" என்றார் கடைக்கார அம்மா. அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு கோஜிப் பூஞ்சை ஏற்றிய அரிசியும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் செய்கிற உசத்தி ரகம் அது. ஆனால் அவர் ஊற்றியது லேபிள் இல்லாத கண்ணாடிக் குடுவையிலிருந்து. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். "அதேதான்" என்று ஒரு 720 மில்லி பாட்டிலை உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டு, அழகாகத் துணி சுற்றிக் கொடுத்தார். 4,400 யென்.

வீட்டில் திறந்தால் பிசுபிசுவென்று ஒரு தித்திப்பு, பின்னாலேயே தொண்டையில் எரிச்சல். கூட வேலை பார்க்கும் ஜப்பானிய நண்பர் பின்பக்க லேபிளைப் படித்துச் சிரித்துவிட்டார். அரிசி, கோஜியோடு சர்க்கரை, புளிப்பூட்டி, தனியாகச் சேர்த்த ஆல்கஹால். ஆல்கஹால் சேர்ப்பது மட்டுமே மோசடி ஆகாது, 'ஜுன்மாய்' என்று சொல்லாத நல்ல தாய்கிஞ்சோவிலும் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. ஆனால் சர்க்கரை என்று போட்டிருந்தால் அது சாதாரண ரகம்தான், வேறு பேச்சே இல்லை. தயாரித்தவர் முகவரியும் வேறு மாகாணம்!

கடைக்குப் போன் செய்தேன். வெப்பநிலை மாறினால் ருசி மாறும் என்றார்கள். சர்க்கரை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, திறந்த பாட்டிலைத் திரும்ப வாங்குவதில்லை என்று பதில். அப்புறம் நுகர்வோர் உதவி எண் 188-ஐ அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் கடைக்கு நாமே போய் வாங்கியதற்கு, வீடு தேடி வந்து விற்றதைப் போல ரத்து செய்யும் உரிமை கிடையாதாம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன்: "சாக்கே, 1". அவ்வளவுதான்.

ஆகவே, ஊற்றுகிற பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். பின் லேபிளைப் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள், பொருள்கள், தயாரித்த இடம் இரண்டும் அதில் இருக்கும். கண் எதிரே கட்டச் சொல்லுங்கள், ரசீதில் பெயரை எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் நாலு அடி நடங்கள், அடுத்த வாசலில் உண்மையாகவே தயாரிக்கிறவர் இருப்பார்.

என் பாட்டில் இப்போது அடுப்படியில் இருக்கிறது. மீனின் கவிச்சி போக ஊறவைக்க அதைத்தான் ஊற்றுகிறேன்.