சாவி தராத பில்டர்: ரெராவா, நுகர்வோர் ஆணையமா?

சொன்ன தேதிக்கு ஃபிளாட்டை முடித்துத் தராத பில்டர் மேல் எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரெரா சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் ஆணையம் என இரண்டு வாசலும் திறந்துதான் இருக்கின்றன. ரெரா வந்துவிட்டதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோய்விடவில்லை என்று 2020-ல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் போனது ரெராவுக்கு, அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

வக்கீல் வைக்காமல் இரண்டிலும் நாமே வாதாடலாம். கட்டணமும் வீட்டு விலையோடு பார்த்தால் பெரிதில்லை. ரெராவில் 60 நாள், நுகர்வோர் ஆணையத்தில் மூன்று மாதம் என்று சட்டத்தில் இருக்கும் கெடுவை மட்டும் நம்பிவிடாதீர்கள், இரண்டுமே இழுக்கும்.

வட்டி விஷயத்தில் ரெரா தெளிவு. பில்டர் நீட்டும் கட்டுமான ஒப்பந்தத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? நாம் தவணை தவறினால் 18 சதவீதம், அவர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். ஆயிரம் சதுர அடிக்கு வருடம் 60,000 ரூபாய், அவ்வளவுதான். ரெராவில் இரு தரப்புக்கும் ஒரே வட்டி; தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கி கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் விகிதமான எம்சிஎல்ஆரில் அதிகபட்சமானதோடு 2 சதவீதம் சேர்த்தது. 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60 லட்சம் கட்டியவருக்கு வருடத்துக்கு 6.6 லட்சம் வரும். வீடு வேண்டாம் என்றால் பணமும் வட்டியும், வேண்டும் என்றால் சாவி கைக்கு வரும்வரை மாதாமாதம் வட்டி. நுகர்வோர் ஆணையத்தில் வட்டி ஆணையத்தின் முடிவு, 6 சதவீதமும் கிடைக்கலாம், 9-ம் கிடைக்கலாம்.

ஆனால் நான் ரெராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வட்டி இல்லை, அப்பீல். தீர்ப்பு வந்தாலும் பில்டர் மேல்முறையீட்டில் வருடக்கணக்கில் உட்கார்ந்துகொண்டால் நமக்கு என்ன லாபம்? ரெரா சட்டத்தின் 43(5) பிரிவுப்படி, வாங்கியவருக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் வட்டியோடு டெபாசிட் செய்தால்தான் பில்டரின் அப்பீலையே எடுத்துக்கொள்வார்கள். இது செல்லும் என்று 2021-ல் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நுகர்வோர் சட்டத்தில் பாதித் தொகை கட்டினால் போதும். கையில் காசு புரட்டத் திணறும் பில்டருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. எங்கள் பில்டர் ஆர்டர் வந்த அன்று, "அப்பீல் போறேன் சார், அங்க பாத்துக்கலாம்" என்றுதான் போனில் சொன்னார். அவருடைய வக்கீல் டெபாசிட் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அடுத்த வாரமே, "உட்கார்ந்து பேசிக்கலாமே" என்று அவராகவே கூப்பிட்டார்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் பலம் உண்டு. பணம், வட்டி, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு எல்லாவற்றையும் ஒரே புகாரில் கேட்கலாம். ரெராவில் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் தனி மனு போட வேண்டும், நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதேசமயம் விற்று லாபம் பார்க்க நாலைந்து ஃபிளாட் வாங்கியவரை, "இவர் நுகர்வோரே இல்லை" என்று பில்டர் அங்கே மடக்கப் பார்ப்பார். ரெராவில் அந்தத் தொல்லை கிடையாது. காலக்கெடுவும் கவனம், நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம்தான்.

ஆர்டரை நிறைவேற்றுவதில் எது மேல் என்பதை அடித்துச் சொல்ல மாட்டேன், என் விவகாரம் அதுவரை போகவில்லை. ரெரா தொகையை நில வரி பாக்கி போல கலெக்டர் வழியாக வசூலிக்க வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீஸ் அலைச்சல் உண்டு என்று உடன் வாங்கியவர்கள் புலம்பினார்கள். நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவரை 72-ம் பிரிவில் மூன்று வருடம்வரை உள்ளே தள்ளலாம். சொத்து எதுவும் தன் பேரில் வைத்துக்கொள்ளாத பில்டரிடம் இதுதான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெரா பதிவே தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர்தான். சென்னையில் பழைய வீட்டை இடித்துக் கட்டும் சின்ன அடுக்ககங்களில் பல இதற்குள் அடங்கிவிடும். அங்கே வாங்கியவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.